வண்டிக்கு இரும்பா, மாட்டுக்குப் பட்டியா? மலைப்பாதை ஓட்டுநர் வாங்கும் பொருட்கள் பற்றிய மதிப்பீடு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை எங்கே இருந்தாலும் சரி, உதிரிப்பாகக் கடைக்குள் போய் “ராத்திரியில மாடு குறுக்க வருது, வண்டிக்கு என்ன போடலாம்?” என்று கேட்டால் மேசைக்கு வரும் பொருட்கள் ஏறத்தாழ ஒன்றுதான். முன்னால் பூட்டும் இரும்புக் கார்ட், ஒரு சோடி பொக் லைட் (பனிமூட்ட விளக்கு), பம்பரில் ஒட்டும் சின்ன ஊதல், ஒரு சுருள் ரிஃப்ளெக்டர் பட்டி. பட்டியை வண்டியின் பின்புறத்தில் ஒட்டத்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். இந்த நான்கிலும் மோதலைத் தடுக்கும் வல்லமை அதற்குத்தான் அதிகம். ஆனால் அது மாட்டின் கழுத்தில் இருக்க வேண்டும்.

பொருட்களைப் பார்ப்பதற்கு முன், அவை எதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று பார்த்துவிடுவோம். தேயிலைத் தோட்டத்தில் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு)ப் பக்கத்தில் ஒன்றிரண்டு பால்மாடு கட்டி வளர்க்கும் வீட்டில், கொழுந்து எடுத்து முடித்து வந்த பிறகுதான் புல் அறுக்கப் போக முடியும். புல் போதாத நாளில் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வரும், அல்லது அவிழ்த்து விடப்படும். தேயிலைக்குள் மேய விட முடியாது. மிஞ்சிய புல் வீதியோரத்திலும் காணின் (வடிகாலின்) கரையிலும்தான் இருக்கிறது. இருட்டிய பிறகும் தார் பகல் சூட்டைக் கொஞ்சம் வைத்திருக்கும், புல்தரையை விடக் காய்ந்திருக்கும், அட்டையும் குறைவு. மாடு அங்கே படுத்துவிடுகிறது. நுவரெலியா நகரத்துக்குள் கட்டாக்காலி மாடுகளோடு கட்டாக்காலிக் குதிரைகளும் உண்டு. வெல்லவாய, மஹியங்கனைப் பக்கம் இறங்கினால் கூட்டம் கூட்டமாக மேய்ச்சல் மாடும் எருமையும் வரும்.

இப்போது தூரக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீற்றர் ஓடுகிறது. கண் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வைத்தால் 17 மீற்றர் அதிலேயே போய்விடும். ஈரத் தாரில் நிற்க இன்னும் 16 மீற்றர். ஆக மொத்தம் 33. அதே வீதி 8 வீதச் சரிவில் இறங்கினால் 36 அல்லது 37 ஆகும். 60 கிலோமீற்றரில் ஈரச் சரிவென்றால் 70 மீற்றர் வேண்டும். சாதாரண ஹெட்லைட்டின் டிம்மில் (தாழ்த்திய ஒளியில்) கறுப்பு மாடு ஒன்று தெரியத் தொடங்குவது நல்ல கண்ணாடி, நல்ல பல்பு இருந்தாலே 40, 50 மீற்றருக்குள்தான். பனிமூட்டம் இல்லாத இரவுக்கே கணக்கு இப்படி என்றால் ரம்பொடை ஏற்றத்திலும் நானுஓயாவைச் சுற்றியும் மூட்டம் இறங்கும் நேரத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

மாட்டின் கண் பளிச்சிடும், அதைப் பார்த்தே நிறுத்திவிடலாம் என்று பல ஓட்டுநர்கள் நம்பியிருக்கிறார்கள். கண் பளிச்சிட மாடு நம் பக்கம் பார்க்க வேண்டும். தலை குனிந்து மேயும் மாடும், முதுகு காட்டிப் படுத்திருக்கும் மாடும் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. கறுப்பு வெள்ளை பிரீசியன் கலப்பு மாடு இன்னும் ஏமாற்றும். வெள்ளைத் திட்டு மட்டும் தனியாகத் தெரிவதால் முழு உருவத்தையும் கண் சேர்த்துப் பிடிக்காது. மூட்டத்தில் அந்த வெள்ளையும் பனியோடு கரைந்துவிடும்.

கழுத்துப் பட்டி

இந்த இடைவெளியை நேரடியாக அடைப்பது ரிஃப்ளெக்டர் பட்டிதான். ஹெட்லைட்டிலிருந்து போன ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவது அதன் வேலை. தெளிந்த இரவில் டிம்மிலேயே 100 மீற்றருக்கு அப்பால் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். 60இல் வருகிறவருக்குக்கூட நிறுத்த இடம் கிடைக்கும்.

ஆனால் கடையில் ‘மினுங்கும் பட்டி’ என்று தருவதெல்லாம் ஒன்றல்ல. மூன்று வகை கலந்து விற்கப்படுகிறது. பச்சை மஞ்சளாகப் பகலில் கண்ணைப் பறிக்கும் வெறும் துணி ஒன்று. அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே வேலை செய்யும், இரவில் சாதாரணத் துணிதான். இரண்டாவது, சாம்பல் நிறத்தில் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த துணி, வீதி வேலைக்காரர்களின் அங்கியில் இருப்பது. காய்ந்த இரவில் இது நன்றாகத் தெரியும். மழையிலும் பனியிலும் மணிகளின் மேல் தண்ணீர்ப் படலம் நின்றால் பளபளப்பு பெருமளவு குறையும். மூன்றாவது, தேன்கூடு அல்லது வைரக் கட்டம் போல வரிகள் தெரியும் பிளாஸ்டிக் பட்டி. மேற்பரப்பு வழவழப்பாக, உள்ளே நுண்ணிய பட்டகங்களோடு இருக்கும். ஈரம் அதன் வேலையைக் கெடுப்பது குறைவு. மலையகத்துக்கு மூன்றாவதை மட்டும் வாங்குங்கள்.

சோதிப்பது சுலபம். கைபேசியின் டோர்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பட்டியிலிருந்து பத்துத் தப்படி தள்ளி நின்று பாருங்கள். டோர்ச்சை இடுப்பில் பிடித்தால் எதுவும் தெரியாது, ஒளி போன இடத்துக்கே திரும்புவதால். பிறகு பட்டியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, துடைக்காமல் மறுபடி பாருங்கள். மங்கினால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இதே காரணத்தால் லொறி ஓட்டுநருக்குப் பட்டி கொஞ்சம் மங்கலாகவே தெரியும். அவர் கண் ஹெட்லைட்டை விட நிறைய உயரத்தில் இருக்கிறது. காரிலும் ஓட்டோவிலும் போகிறவர்களுக்குத்தான் முழுப் பலன்.

நிறம் வெள்ளி அல்லது எலுமிச்சை மஞ்சள். சிவப்பு வேண்டாம். சிவப்பு திருப்பித் தரும் ஒளி குறைவு, அது போக, தூரத்தில் சிவப்பாக ஒன்று தெரிந்தால் முன்னால் போகும் மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு என்று நினைத்து ஓட்டுநர் வேகம் குறைக்காமல் வருவார்.

அகலம் 5 செ.மீ. அடிப்பட்டி நைலோன் அல்லது பொலியெஸ்டர் நாடாவாக இருக்க வேண்டும். பருத்தி நாடா மழையில் ஊறி இறுகும், காயாது, கழுத்து மயிரைத் தின்று புண்ணாக்கும். பிளாஸ்டிக் பட்டியைப் பசையால் மட்டும் ஒட்டியது ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. இரு ஓரத்திலும் தைக்க வேண்டும். நடுவில் ஊசி ஓட்டினால் அந்த ஓட்டை வழியே கட்டங்களுக்குள் தண்ணீர் ஏறி, உள்ளே பாசி பிடித்து, ஒவ்வொரு கட்டமாகக் கறுக்கும். வெட்டிய முனைகளிலும் இதே கதைதான் என்பதால் முனையை மடித்துத் தையுங்கள்.

நீளம் 80 முதல் 120 செ.மீ வரை கூட்டிக் குறைக்கக் கூடியதாக ஒரே அளவில் எடுத்தால் நாட்டு மாட்டுக்கும் கலப்பு மாட்டுக்கும் சரிவரும். கட்டிய பிறகு நான்கு விரலைத் தட்டையாக உள்ளே விட்டால் தாராளமாகப் போக வேண்டும். அதைவிட இறுகினால் அசை போடும்போது உறுத்தும். அதைவிடத் தளர்ந்தால் தலை குனிந்து மேயும்போது காதுவரை சரிந்து முன்னங்கால் சிக்கும். கன்றுக்குக் கட்ட வேண்டாம், கழுத்து வளர வளரப் பட்டி இறுகிக்கொண்டே போகும். கன்று பெரும்பாலும் தாயின் பக்கத்தில்தான் நிற்கும்.

விற்பனைக்கு வரும் பட்டிகளில் பெரிய குறை ஒன்று உண்டு. இரும்புக் கொக்கியோடு முழுச் சுற்றும் உறுதியாகத் தைத்துத் தருகிறார்கள். முள்ளுக்கம்பியிலோ கொய்யாக் கிளையிலோ மாட்டினால் மாடு கழுத்து இறுகிச் சாகும். அதனால் பட்டியில் ஓரிடத்தில் வேண்டுமென்றே பலவீனமான இணைப்பு வேண்டும். நாடாவை ஓரிடத்தில் வெட்டி, பழைய சைக்கிள் டியூபில் 2 செ.மீ அகலத் துண்டு ஒன்றை வைத்து இரண்டு மூன்று தையல் மட்டும் போட்டால் போதும். மாடு பலமாக இழுத்தால் அறுந்துவிடும். பட்டி தொலைந்தாலும் மாடு இருக்கும். இதைச் செய்யாமல் எந்தப் பட்டியையும் கட்டாதீர்கள்.

பின்னாலிருந்து வரும் வண்டிக்குக் கழுத்துப் பட்டியை உடம்பு மறைக்கும். கொம்புள்ள மாட்டுக்குக் கொம்பின் அடியில் ஒரு சுற்று ஒட்டினால் இது பாதி தீரும். கொம்பைத் துணியால் துடைத்து, கரடான இடத்தை மண்கடதாசியால் தேய்த்துவிட்டு ஒட்ட வேண்டும். கொம்பைச் சுட்டு நீக்கிய மாட்டுக்குப் பட்டியின் மேற்புறத்தில் ஒரு விரல் நீளத் துண்டை இரு பக்கமும் ஒட்டித் தொங்க விடலாம். மாடு அசையும்போது அது மினுங்கி மினுங்கித் தெரியும், ஓட்டுநர் கண்ணை அசைவு சீக்கிரம் இழுக்கும். காலில் கட்டுவது தொழுவச் சேற்றில் ஒரே நாளில் மூடிப் போகும், வீண்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அடர்ந்த மூட்டத்தில் ஒளி பனிக்குள் போகும்போது ஒரு தரமும் திரும்பும்போது ஒரு தரமும் தேய்கிறது. முப்பது மீற்றருக்கு மேல் எதுவும் தெரியாத மூட்டத்தில் எந்தப் பட்டியும் அற்புதம் செய்யாது. அங்கே அடுத்த பொருள் வருகிறது.

பொக் லைட்

வாங்கத் தகுந்தது, ஒழுங்காகப் பூட்டினால். மூட்டத்தில் ஹை பீம் போட்டால் கண் மட்டத்திலுள்ள பனித்துளிகள் அந்த ஒளியை முகத்துக்கே திருப்பி அடிக்கும், முன்னால் வெள்ளைச் சுவர் எழும். பொக் லைட் தாழ இருந்து, மேல்நோக்கி ஒளி விடாமல், அகலமாகத் தரையை மட்டும் காட்டுகிறது. காணின் ஓரத்தில் நிற்கும் மாட்டின் கால்கள் முதலில் தெரிவது இந்த ஒளியில்தான். மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று விற்பனையாளர் சொல்வார். பனித்துளிகள் ஒளியலையை விட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரித்தான் சிதறடிக்கும். மஞ்சளில் கண் கூச்சம் குறைவு, அதனால் நீண்ட நேரம் ஓட்டுகிறவருக்கு இதம். அந்த அளவுக்கு மஞ்சளுக்கு எங்கள் வாக்கு உண்டு. நிறத்தை விட, ஒளியின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நேராக இருக்கிறதா என்பதைப் பாருங்கள். கண்ணாடியில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் அருகே ‘பி’ அல்லது ‘எஃப் 3’ என்ற குறியும் இருந்தால் அது முன் பொக் லைட் தரத்துக்கு எடுத்தது. வெறுமனே பளீரென்று எங்கும் சிதறும் எல்ஈடி பார்கள் மூட்டத்தில் ஹை பீமை விட மோசம். எதிரே வருகிற பஸ் ஓட்டுநரின் கண்ணையும் கெடுக்கும், பொலிஸ் சோதனையிலும் சிக்கும்.

பல்பா எல்ஈடியா என்பதில் எங்கள் பக்கம் பல்புதான். நுவரெலியாக் குளிரில் எல்ஈடியின் கண்ணாடி சூடாகாது, உள்ளே படிந்த ஈரம் அப்படியே நிற்கும். 55 வாட் பல்பு தன் சூட்டிலேயே கண்ணாடியைக் காய வைக்கும். ஆனால் ஓட்டோவுக்குச் சோடி 55 வாட் பூட்டாதீர்கள். அதன் சார்ஜிங் தாங்காமல் பெட்டரி இறங்கி, ஹெட்லைட்டே மங்கும். ஓட்டோவுக்குத் தலா 10 முதல் 15 வாட் வரையான, ஒளிவிளிம்பு உள்ள எல்ஈடி போதும்.

வயரிங்கில்தான் பெரும்பாலான கராஜ்கள் கோட்டை விடுகின்றன. இரண்டு 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஒன்பது அம்பியருக்கு மேல் இழுக்கும். இதை ஹெட்லைட் சுவிட்ச் வழியாக எடுத்தால் சுவிட்ச் உருகும். பெட்டரியிலிருந்து 15 அம்பியர் பியூஸ், அதிலிருந்து ரிலேயின் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சின்) 30ஆம் முனை, 87ஆம் முனையிலிருந்து விளக்கு, 85க்கும் 86க்கும் சுவிட்சும் எர்த்தும். வயர் 2.5 சதுர மில்லிமீற்றர். எர்த்தைப் பெயிண்ட் அடித்த பம்பர் தகட்டில் பூட்டினால் ஆறு மாதத்தில் துரு பிடித்து விளக்கு சிமிட்டும். சேசிஸ் இரும்பைச் சுரண்டிப் பூட்டி கிரீஸ் பூசுங்கள். ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே தண்ணீர்க் கிண்ணம்.

உயரம் தரையிலிருந்து 45 செ.மீ அளவில் வையுங்கள். சமதரையில் சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்தி, ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் நடுவை விட 10 செ.மீ தாழ விழுமாறு திருகுங்கள். ஆட்களும் சாமானும் ஏறியபின் வானின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு எழும்பும், ஆகவே வழக்கமான சுமையோடு பார்ப்பதே சரி. இந்த அமைப்பில் ஒளி 22 மீற்றரில் தரையைத் தொடும். மணிக்கு 30 கிலோமீற்றரில் ஈரத் தாரில் நிற்கவும் ஏறத்தாழ 21 மீற்றர் தேவை. கணக்கு மட்டுமட்டாக ஒத்துப்போகிறது. மூட்டத்தில் 30க்கு மேல் போகிறவருக்கு இந்த விளக்கு மாட்டைக் காட்டும், நிறுத்த இடம் தராது.

இரும்புக் கார்ட்

அதிகம் காசு பிடுங்குவது இது. இதற்குக் கொடுப்பதில் மேலே சொன்ன இரண்டையும் வாங்கிவிடலாம். மாடு மோதும் விதத்தைப் பார்த்தால் இதன் பயன் எவ்வளவு என்று விளங்கும். காரின் பம்பர் மாட்டின் காலில் பட்டு, 300, 400 கிலோ உடம்பு பொனட்டுக்கு மேலே சரிந்து கண்ணாடிக்கு வருகிறது. பம்பர் உயரத்துக் கார்ட் அந்த உடம்பைத் தடுக்காது, கால்களை வாரிவிடுவதை இன்னும் உறுதியாகச் செய்யும். தட்டை முகமுள்ள வான்களில் ஓட்டுநரின் முழங்காலுக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒரு தகடுதான் இருக்கிறது. அங்கே கார்ட் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பம்பர் கொளுக்கியிலேயே பூட்டிய கார்ட் மோதலில் பம்பரையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போகிறது, ஏசியின் கொண்டன்சரும் ரேடியேட்டரும் நசுங்குகின்றன. சேசிஸில் நேரடியாக வெல்ட் பிடித்தது, நசுங்கி அடியை வாங்க வேண்டிய முன்பகுதியை நசுங்க விடாமல், அதிர்ச்சியை உள்ளே இருப்பவர்களுக்குக் கடத்துகிறது. எயார்பேக் உள்ள வண்டியில் அது விரியும் கணமும் தவறலாம். மாட்டுக்குப் பதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வந்தால் அந்த இரும்பு என்ன செய்யும் என்று யோசியுங்கள். தோட்டப் பாதைகளில் காலையில் நடக்கிறவர்கள் எத்தனை பேர்! நாங்கள் இதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஊதலைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. காற்றடிக்கும்போது மனிதக் காதுக்கு எட்டாத ஒலி எழும்பி மிருகத்தை விலக்குமாம். மாட்டின் காது நம்மைவிட உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் என்பது உண்மை. கேட்பதும் விலகுவதும் வேறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மான்களை வைத்துச் செய்து 1992இல் வெளியான ஆய்வில், ஊதல் பூட்டிய வண்டிக்கும் பூட்டாத வண்டிக்கும் மான்கள் காட்டிய நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. அதுபோக, பெட்டியிலேயே மணிக்கு 48 கிலோமீற்றருக்கு மேல் போனால்தான் ஊதும் என்று போட்டிருக்கும். கினிகத்தேனை வளைவுகளில் இரவில் அந்த வேகத்தில் போகிறவருக்கு ஊதலைவிட வேறு அறிவுரைதான் தேவை.

பெரிய சத்தத்தோடு எயார் ஹோர்ன் வைப்பதும் வேண்டாம். திடீரென்று அலறினால் மாடு மிரண்டு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. தூரத்திலேயே சாதாரண ஹோர்னை இரண்டு தரம் தட்டிவிட்டு, வேகத்தைக் குறைத்து, மாட்டின் வால் பக்கமாகக் கடப்பது வழக்கமான முறை. மாடு முன்னால்தான் நடக்கும். ஒன்று கடந்தால் இரண்டாவதும் வரும், கன்று தாயைத் தேடி ஓடி வரும். நிற்க முடியாது என்று தெரிந்துவிட்டால் ஸ்டியரிங்கை வெட்டாமல் நேராகப் பிரேக் பிடியுங்கள். இடது பக்கம் காண், வலது பக்கம் பள்ளமோ எதிரே வரும் பஸ்ஸோ. ஓட்டோ என்றால் வெட்டிய கணமே கவிழும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வருகிறவருக்கு அந்த நேரத்தில் பிரேக் சூடாகி வேலை செய்யாமல் போகலாம். ஏற்றத்தில் ஏறிய அதே கியரிலேயே இறங்குவது இதற்கும் சேர்த்துத்தான்.

மோதிவிட்டால் ஹசார்ட் விளக்கைப் போட்டு, முக்கோணத்தை வளைவுக்கு முன்னால், வளைந்து வருகிறவருக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். காயம்பட்டவர் இருந்தால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. விழுந்து கிடக்கும் மாட்டின் கால் பக்கம் போக வேண்டாம், முதுகுப் பக்கமாக நின்று, மாட்டுக்காரரையும் பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தையும் கூப்பிடுங்கள். அது ஒரு குடும்பத்தின் பால் காசு, போய்விட்டால் நாட்கூலியில் மறுபடி வாங்குவது லேசில்லை. வண்டியை எடுக்கும் முன் கீழே கூலன்ட் சொட்டுகிறதா, விசிறி உடைந்து ரேடியேட்டரில் உரசுகிறதா, பொனட் பூட்டு பிடிக்கிறதா, டயரில் தகடு உரசுகிறதா என்று பாருங்கள். கூலன்ட் ஒழுகினால் ‘ஹட்டன் வரைக்கும் போயிடலாம்’ என்று நினைக்க வேண்டாம். ஏற்றத்தில் எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கட் போய்விடும்.

வாங்கும் வரிசை, ஆகவே, இது: முதலில் ஹெட்லைட் கண்ணாடியைப் பொலிஷ் செய்து பல்பை மாற்றுங்கள், அதுதான் மலிவு. பிறகு பொக் லைட். மிச்சக் காசில் பட்டி வாங்குங்கள், பிறர் மாட்டுக்கு. ஒரு பாதையில் ஓடும் வான், ஓட்டோ சங்கத்தினர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்குப் பெரிய தொகை வராது. அந்தப் பாதையின் மாட்டுக்காரர்கள் எல்லோரும் விடிகாலையில் பால் கானோடு ஒரே இடத்துக்கு, பால் சேகரிக்கும் நிலையத்துக்கு, வருகிறார்கள். அங்கே கொடுப்பதே சுலபம். வளைவுக்குப் பக்கத்து லயங்களில் இருந்து தொடங்குங்கள். கொடுக்கும்போது ஒரு மாட்டுக்காவது கட்டிக் காட்டி, நான்கு விரல் இடைவெளியையும், டியூப் இணைப்பு அறுந்தால் மறுபடி எப்படித் தைப்பது என்பதையும், மாதம் ஒரு முறை சவர்க்காரத் தண்ணீரில் பட்டியைத் துடைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.